வாரிசு எத்தனை பேர்

புரோக்கர் என்று கூப்பிட்டால் வெங்கடாசலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "புரோக்கரு வீட்டக் காட்டிட்டுக் கமிஷன் வாங்கிக்கினு பூடுவான். நான் அப்படியா?" என்பார். அப்படி இல்லைதான். விழுப்புரத்தில் அவரை நம்பி வீடு வாங்கியவர்கள் அவர் படுத்திய பாட்டைக் கதை கதையாகச் சொல்வார்கள். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க விடமாட்டார். அடைமழையில் கூட்டிப்போய்த் தெருத் தண்ணியில் நிற்க வைத்து, "இப்பச் சொல்லு, வாங்கறியா?" என்று கேட்பார்.

விற்கிறவரிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. "வாரிசு எத்தினி பேரு? கட்டிக்குடுத்த பொண்ணுங்களயும் சேத்துச் சொல்லுங்க." அப்பன் சொத்தை விற்கும்போது கூடப்பிறந்தவளை மறந்துபோவது ஆண்பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. அந்த மறதியைப் பிடித்துப் பிடித்தே அவர் பேர் வாங்கினார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் சவுரியம்மாளைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளினார்.

சவுரியம்மாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாகத் தரை துடைக்கிறவள். புருஷன் இல்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வாசலிலேயே நிறுத்தி, எந்தத் தெரு, என்ன ஆளுங்க என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். தெரிந்ததும் போன நிமிஷம் காலியாக இருந்த வீட்டுக்குத் திடீரென்று ஆள் வந்துவிடும். "என்னான்னு யாரும் கேக்காத கதவு ஒண்ணு வேணும் சார், எனக்கு" என்று அவள் சொன்னபோது வெங்கடாசலத்துக்கே மனசு இளகியது.

ரயில் லைனுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று அமைந்தது. கெடாரிலிருந்து வந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் பண்ணிய பெரியதம்பி கட்டியது. அவர் போன வருஷம் செத்துப்போக, மகன் ராஜ்குமார் விற்க வந்தான். வெங்கடாசலத்துக்கும் கெடார்தான், பக்கத்துத் தெரு. நம்ம ஊர், நம்ம ஜனம், இதில் என்ன கேட்க இருக்கிறது? வாரிசுச் சான்றுக்கு அவரே மனு எழுதினார். மனைவி பாஞ்சாலி, மகன் ராஜ்குமார், வேறு வாரிசு இல்லை. கீழே சாட்சிக் கையெழுத்தும் அவரே போட்டார். விசாரிக்க வந்தவர்களிடம் தெருவே அதைத்தான் சொன்னது.

பத்திரம் பதிவானது. பால் காய்ச்சிய அன்று சவுரியம்மாள் புது டம்ளரில் காபி கொண்டுவந்தாள்.

"ஷுகரும்மா எனக்கு, வேணாம்" என்றார்.

சர்க்கரை வியாதி அவருக்குக் கிடையாது. திரும்புகிற வழியில் டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தார். அவள் இனத்து வீடுகளில் அவர் முப்பது வருஷமாகச் சொல்லிவருவது அதுதான்.

எட்டாம் மாசம் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. சவுரியம்மாள் வேலை உடுப்போடு ஓடிவந்து நீட்டினாள். வாதி: பானுப்ரியா, தகப்பனார் பெரியதம்பி. மூன்றில் ஒரு பங்கு தன்னுடையது, தன் கையெழுத்தில்லாமல் நடந்த விற்பனை அந்தப் பங்குக்குச் செல்லாது என்று இருந்தது.

"யாரு சார் இது?"

பெரியதம்பியின் மகள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தென்னரசு என்ற பையனோடு போனாள். பையன் காலனி. பெரியதம்பி தலைமுழுகினார். 'கண்ணீர் அஞ்சலி' என்று மகள் படம் போட்டு ஊர் முனையில் பேனர் கட்டி, பதினாறாம் நாள் கருமாதியும் பண்ணினார். அன்றிலிருந்து கெடாரில் அவள் பேரை யாரும் எடுப்பதில்லை.

சரி, வெங்கடாசலம் பொய்க் கையெழுத்துப் போட்டாரா? அதுதான் வயிற்றெரிச்சல். மறைத்திருந்தால்கூட ஒரு திருட்டுப் புத்தி என்று விட்டுவிடலாம். மனு எழுதும்போது அவருக்கு அவள் ஞாபகமே வரவில்லை. ஊர் சாகடித்தவளை அவரும் சாகடித்திருந்தார்.

மறுநாள் நோட்டீஸில் இருந்த விலாசத்துக்குப் பஸ் ஏறித் திண்டிவனம் போனார். பானுப்ரியா தையல் மிஷினிலிருந்து எழுந்து சேர் போட்டாள்.

"வாங்க மாமா. ஊர்லேர்ந்து ஒருத்தரு என் ஊட்டுப் படி ஏறறதுக்கு ஒம்போது வருஷம் ஆச்சு."

"அந்தப் பொம்பள ஏழம்மா. உன் ஊட்டுக்காரன் ஜனம்தான். வழக்க வாபஸ் வாங்கிக்கினியன்னா புண்ணியமாப் போவும்."

"அந்தம்மா மேல எனக்குக் கோவமே இல்ல மாமா. எங்கப்பன் செத்த சேதியே எனக்கு மூணு மாசம் கழிச்சித்தான் தெரியும். வேற வாரிசு இல்லன்னு நீங்கதானே எழுதினீங்க? கவர்மெண்டும் சீல் வச்சிக் குடுத்துச்சி. நான் உசுரோட இருக்கேன்னு அதே கவர்மெண்டு எழுதிக் குடுக்கணும். அதுவரிக்கும் நான் உட மாட்டேன்."

அவள் வைத்த தண்ணீர்ச் சொம்பு தொடாமலே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

சாயங்காலம் சவுரியம்மாள் வீட்டுக்குப் போனார். ராஜ்குமார் போனை எடுப்பதில்லை. பங்கை ஈடுகட்ட அவளிடம் வழி இல்லை. இரண்டு அறையை மூன்றாக வெட்டவும் முடியாது, கோர்ட்டு வீட்டை ஏலம் விடச் சொன்னாலும் சொல்லும். எல்லாவற்றையும் சொன்னார். கருமாதியையும் சொன்னார்.

"நீங்க போனீங்களா, அந்தக் கருமாதிக்கி?"

"போனேன்."

"சாப்ட்டீங்களா?"

"...சாப்ட்டேம்மா."

சவுரியம்மாள் கதவைப் பார்த்தாள். நீல பெயிண்ட் அவளே அடித்தது. அடுப்பில் காபி கொதித்து வாசம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மாதிரி ஒரு வீட்டில் அவராகவே வாய்விட்டுக் கேட்டார்.

"ஒரு வாய் காபி குடும்மா."

அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"உங்களுக்குத்தான் ஷுகராச்சே, சார்."