போர்வைக்குள் இருந்த கை

பெங்களூரின் டிசம்பர் குளிரோடு ஏ.சி.யும் சேர, டயாலிசிஸ் படுக்கையில் என் கணவர் வெடவெடத்தார். மனசு கேட்காமல், ஊசி குத்தியிருந்த கையையும் சேர்த்துக் கழுத்துவரை போர்த்திவிட்டேன். அவர் தூங்கிப்போனார்.

சுற்றி வந்த நர்ஸ் ஷோபா, "கையை ஏன்க்கா மூடினீங்க?" என்று போர்வையை விலக்கினார். ஊசி நழுவி, மெத்தையெல்லாம் ரத்தம். ஆபத்தென்றால் அலற வேண்டிய மெஷின் சத்தமே போடவில்லை. ஷோபா சட்டென்று மெஷினை நிறுத்தி, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி டாக்டரைக் கூப்பிட்டார்.

கணவர் கண் திறந்து, "என்னாச்சு ஸ்டெல்லா?" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"மெஷினை நம்பி நான் உக்கார முடியாதுக்கா. அந்தக் கை எப்பவும் என் கண்ணுல படணும்" என்றார் ஷோபா.

இப்போது எவ்வளவு குளிரினாலும் அந்தக் கையை மூடுவதில்லை. விரல்களை மட்டும் என் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

— ஸ்டெல்லா, நீலசந்திரா