அஞ்சு பொட்டை மீனும் ஆணிப் பெட்டியும்

சாப்பிடுற மீனை விக்கிறவங்களுக்கு மீன் செத்த பிறகுதான் வியாபாரம்; வளர்க்கிற மீனை விக்கிறவங்களுக்கு மீன் செத்தால் வியாபாரமே போச்சு. காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல், தொட்டியில் எத்தனை மிதக்குதுன்னு எட்டிப் பார்த்த பாவப்பட்ட ஜனங்கள் உங்களில் இருப்பார்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறேன்.

தருமபுரி தனி ஜில்லாவாகி நாலஞ்சு வருஷம் ஆகியிருந்த சமயம். என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் கண்ணாடி, சட்டம் போடுற கடை வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடி மாட்ட வெளியே போய்விடுவார், நான் கடையில் உட்காருவேன். மிச்சம் விழுந்த கண்ணாடியை இரும்புச் சட்டத்தில் பட்டிப் பசை வைத்து ஒட்டி, ஒன்றரை அடியில் ஒரு தொட்டி செய்து கொடுத்தார். கல்யாணமான நாள்முதல் என்னுதுன்னு சொல்லிக்க எனக்கிருந்தது அந்த ஒன்றரை அடிதான்.

கலாட்டா இல்லாத மீன்

பெங்களூரிலிருந்து ஒரு ஏஜெண்ட் மீன் கொண்டுவருவார். முதலில் சண்டை மீனில் ஆண் மீனைத்தான் கொடுத்தார். நீள வாலும் பட்டுச்சேலை நிறமுமாக, பாட்டிலுக்கு ஒண்ணு. வந்தவங்க யாரும் வாங்கவில்லை. "ரெண்டை ஒண்ணா வுடுங்க, பாப்போம்"னு சொல்லிவிட்டு, பீடி பத்தவைத்து நின்னுக்குவார்கள். ஒரே தொட்டியில் ஒத்துமையா இருக்கிற மீன் வேணும்னு கேட்டேன். அதே சாதியில் பொட்டை மீன் அஞ்சைக் கொண்டுவந்தார். குட்டை வால், மங்கின நிறம், யாரும் கேக்காத சரக்கு. பொம்பளை மீன் கலாட்டா பண்ணாதுன்னு பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் சத்தியம் செய்தார்.

என் வீட்டுக்காரரின் அண்ணனை நான் மாமான்னு கூப்பிடுவேன். கடை அவர் பேரில் இருந்தது. மேல் பலகையில் இருக்கிற ஆணிப் பெட்டியை எடுக்க ஒவ்வொரு தடவையும் அவர் ஸ்டூல் போட்டு ஏறணும். அதைத் தொட்டி இருக்கிற என் மூலைக்கு இறக்கணும்னு ரொம்ப நாளாக அவருக்கு ஒரு கண். அஞ்சையும் நான் ஒண்ணாக விட்டதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு பொம்பளைங்க, ஒரு வூடு. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். ஒண்ணு செத்தாலும் ஆணிப் பெட்டி கீழ எறங்கும், நீ நல்லம்பள்ளிக்கு, நம்ம கடலைக்காட்டுல வேலை பாக்கக் கெளம்பலாம்."

பென்னாகரத்துக்காரர்

மகள் கல்யாண போட்டோவுக்குச் சட்டம் போட ஒருவர் பென்னாகரத்திலிருந்து வந்தார். சட்டத்தை மறந்துவிட்டுத் தொட்டி முன்னாலேயே நின்றார். வாங்குற ஆள்னு நினைத்து நானும் விடவில்லை. இது செவப்பி, எல்லாத்திலும் பெருசு, இது நீலி, இது கருப்பி, இது வெள்ளச்சி, அந்த மூலையில் ஓட்டாஞ்சில்லுக்குப் பின்னால் மண் நிறத்தில் இருக்கிறது சாதுன்னு பேர் பேராகச் சொன்னேன். என்ன தின்னும், எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்னு எல்லாம் விசாரித்தார். பொறுமையாகக் கேட்டுக்கிட்டு, போட்டோவை என் கையில் கொடுத்தார்.

"இந்த சைசை எங்கூர்ல தூண்டி முள்ளுல கோத்துதாங்க பெரிய மீன் புடிப்போம்."

அடுத்த சட்டாம்பிள்ளை

மூணாம் நாளே சண்டை. செவப்பி எல்லார் வாலையும் கடித்து வைத்தாள். தொட்டியின் நடுப்பாகம் அவளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி, வேறு யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார், தேசப்படங்களுக்குச் சட்டம் போட வந்தவர், பார்த்ததும் தீர்ப்புச் சொன்னார்: கெட்டதை வெளியே எடுத்துவிட்டால் மிச்சம் நாலும் திருந்திடும். வகுப்பில் அவர் அப்படித்தான் செய்வாராம்.

செவப்பியை ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே நீலி நடுவில் வந்து நின்று, செவப்பி செய்த அத்தனையும் செய்தாள். அதுவரைக்கும் அடிவாங்கினதே அவள்தான். சரின்னு செவப்பியைத் திரும்ப விட்டால், அவள் பழைய இடத்தைக் கேட்டாள், சண்டை ரெட்டிப்பாகப் போச்சு. படத்தை வாங்க வந்த வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டார்.

"எங்க ஸ்கூல்லயும் கெட்டவர்னு சொல்லி ஹெட்மாஸ்டரை மாத்தினாங்கம்மா. இப்ப நான்தான் ஹெட்மாஸ்டர்."

கொசு ஆபீசர்

மீனுக்குத் தீனி கொசுப்புழு. கடைக்குப் பின்னால் ஒரு பானையில் தண்ணீர் விட்டு, வைக்கோல் போட்டு, நானே புழு வளர்த்தேன். கொசு ஒழிக்கிறவர் வீடு வீடாக வந்து பார்க்கிற காலம் அது. ஒருநாள் பானையைப் பிடித்துவிட்டார். ஊரெல்லாம் ஒழிக்கிறதை நான் ஒருத்தி உட்கார்ந்து வளர்க்கிறேனேன்னு திட்டிக்கிட்டே, குத்தம்னு சுவத்தில் எழுத சாக்கட்டியை எடுத்தார். நான் வாக்குவாதம் பண்ணவில்லை. பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு தொட்டியில் ஊற்றினேன். சண்டை போட்டுக்கிட்டிருந்த மீன்கள் தின்கிறதில் மட்டும் ஒத்துமையாகிவிட்டன. அவர் சாக்கட்டியைச் சட்டைப்பையில் போடுறதுக்குள் ஒரு புழுவும் இல்லை.

போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாங்க நாலு பேர் ஒரு நாள் பூரா செய்யற வேலைங்க இது. தயவுசெஞ்சு எங்க மேலதிகாரி கண்ணுல மட்டும் இந்தத் தொட்டி பட வேணாம்."

சைக்கிள் நிறுத்துற இடம்

கார்த்திகை பிறந்துவிட்டது. வெள்ளச்சி வால் பாதிதான் மிச்சம். அவள்தான் முதலில் மிதப்பாள்னு எனக்குத் தெரிந்துபோனது. கடலைக்காட்டுக்குப் பழைய சேலை இரண்டைத் தனியாக எடுத்துக்கூட வைத்துவிட்டேன்.

நாங்கள் குடியிருந்தது அஞ்சு குடித்தனம் இருந்த லைன் வீடு, அஞ்சுக்கும் ஒரே வாசல். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா முகம் பார்க்கிற கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தவள், என் மூஞ்சியைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன். உடனே சிரித்து, சைக்கிள் கதையை ஞாபகப்படுத்தினாள். எங்கள் லைன் வீட்டில் பொம்பளைகள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஆம்பளைகள்தான் வாசலில் சைக்கிள் நிறுத்துற இடத்துக்காகத் தினம் மல்லுக்கட்டுவார்கள். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாச் சைக்கிளையும் தெருவுக்கு எடுத்தோம். அடித்து முடித்து உள்ளே கொண்டுவந்தபோது, சுவத்தில் இருந்த பழைய கறை, கோடு எதுவும் இல்லை. எது யார் இடம்னு ஒருத்தருக்கும் தெரியவில்லை. மூணு மாசம் வீடு அமைதியாக இருந்தது.

அன்னிக்கே அஞ்சு மீனையும் ஒரே வாளியில் எடுத்தேன். கல்லை இடம் மாத்தினேன். தலைக்கு ஒண்ணாக ஓட்டாஞ்சில்லு வைத்தேன். ஏரியிலிருந்து வேலம்பாசி கொண்டுவந்து, எதிரில் இருக்கிறவள் மூஞ்சி தெரியாத அளவுக்கு நட்டேன். பழைய தண்ணீர் பாதி, எடுத்து வைத்த கிணத்துத் தண்ணீர் பாதி. அஞ்சையும் ஒரே நேரத்தில் விட்டேன். நடுப்பாகம் எதுன்னு தெரியாமல் செவப்பி சுத்திச் சுத்தி வந்து, கடைசியில் ஒரு சில்லுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டிருந்தேன். கோவிந்தம்மாவுக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"ஆம்பளைங்களுக்கே கேட்டுச்சு, மீனுக்குக் கேக்காதா?"

சாதுவின் புகழ்

மாமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்து எண்ணுவார். அஞ்சு இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் சாதுவை மட்டும் ரொம்பப் பிடித்துப்போனது. மத்த நாலும் அலையும், இது அதே மூலையில் இருக்கும். வர்றவங்களையெல்லாம் கூப்பிட்டு அதைக் காட்டுவார். என்னைப் பார்க்காமல், எனக்குக் கேக்கிற மாதிரி சொல்லுவார்: "இவதான் பொம்பளை. ஒரு மூலை, ஒரு சத்தம் கெடையாது."

கிறிஸ்துமஸ் காலை

கிறிஸ்துமசுக்கு நாலு நாள் இருக்கையில், அந்த மூலையில் தண்ணீருக்கு மேல் நுரை கட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் சோப்புக் கையைத் தொட்டியில் கழுவிவிட்டார்னு அவரைப் பிடித்துக் கத்தினேன். பாவம், அவர் கையைத் துடைத்துக்கிட்டே திட்டு வாங்கிக்கொண்டார். மறுநாளும் நுரை. கிட்டப் போய்ப் பார்த்தேன். சாது வாயால் ஊதி ஊதி அதைக் கட்டிக்கிட்டிருந்தது. பொட்டை மீனுக்கு வயித்துக்கடியில் உப்புக்கல் மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கும்னு ஏஜெண்ட் முதல் நாளே காட்டியிருந்தார். நாலுக்கும் பார்த்தேன், இருந்தது. சாது எப்போதும் சில்லுக்குப் பின்னாலேயே கிடந்ததால், அதன் வயித்தை மட்டும் சரியாகப் பார்த்ததே இல்லை. இப்போது வெளியே வந்து, செவுளை விரித்து, வெள்ளச்சியைத் துரத்தியது. புள்ளி இல்லை. வால் இன்னும் நீளாத குட்டியாக வந்து ஏஜெண்டையே ஏமாத்தியிருக்கிறது. உடனே பிடித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸ் காலை, புதுச்சட்டையோடு மாமா வந்தார். எண்ணினார். நாலு. மறுபடி எண்ணினார். ஸ்டூலைப் போட்டு ஏறி ஆணிப் பெட்டியை இறக்கி, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தொட்டியை நகர்த்துன்னு கண்ணால் காட்டினார். செத்தது எதுன்னு கேட்டார். எதுவும் சாகவில்லைன்னு சொல்லி, காலண்டருக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தேன். சாதுவைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போச்சு. இவ்வளவு அடக்கமான பொம்பளையை ஏன் தனியாகப் பிரித்து வைத்தாய்னு கோபமாகக் கேட்டார்.

"அது ஆம்பளைங்க மாமா," என்றேன்.

மாமா பாட்டிலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். தொட்டியில் நாலும் அதது பாட்டுக்கு இருந்தன. பிறகு பெட்டியைத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, காலியான மேல் பலகையைத் துண்டால் துடைத்தார்.

"ஆம்பளைன்னா தனி எடம் வேணும்ல. இங்க தூக்கி வை."

ஒரு மூலையோடு ஒரு பலகையும் சேர்ந்து என் கடை வளர்ந்தது இப்படித்தான். நாலு பொம்பளைகள் ஒண்ணாக இருந்தால் சண்டைதான்னு இன்னிக்கும் யாராவது சொன்னால், மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது யாருன்னுதான் நான் முதலில் எட்டிப் பார்க்கிறேன்.