பக்கெட்டில் போட்ட தோல் துண்டு

வார்டு கூட்டத்துக்கு நாள் குறிச்ச அன்னிக்கே எனக்குப் பயம் வந்துடுச்சு.

நகராட்சிப் பணத்துல ஒரு பங்க எதுக்குச் செலவு பண்றதுன்னு இந்தத் தடவ ஜனங்களே முடிவு பண்ணணுமாம். பேசிப் பேசிக் கடைசியா ரெண்டு வேலை நின்னுது. ஒண்ணு, மெயின் ரோட்டுக்கு லைட்டு. இன்னொண்ணு, எங்க தெருவுக்குப் பின்னாடி போற கால்வாயத் தோண்டி, கல்லு கட்டி மூடறது. மழை வந்தா அந்தத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள நிக்கும். எம்பொண்ணுக்கு ரெண்டு காலும் புண்ணு. தடவாத களிம்பு இல்ல.

ஆனா கால்வாயத் தோண்டினா, பக்கத்துல தோல் பதம் போடற டேனரி, கழிவுத்தண்ணிய மண்ணுக்கடியில திருட்டுத்தனமா விடற குழாய் வெளிய தெரிஞ்சுடும். அந்த டேனரிலதான் எங்க வீட்டுக்காரருக்கு வேலை. எங்க வார்டுலேர்ந்து அங்க போறது அவர் ஒருத்தர்தான். டேனரி இருக்கறதும் இந்த வார்டுதானேன்னு அங்கத்து மேஸ்திரியும் கூட்டத்துக்கு வர்றாராம். அதக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. "லைட்டுக்கே போட்டுட்டு வாய்யா, நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு"ன்னு அவர்கிட்ட கெஞ்சினேன். சரின்னு தலையாட்டினார்.

கை தூக்கச் சொல்லி எண்ணிடலாம்னார் கவுன்சிலர். நல்லா இருக்குதே நியாயம்! தூக்கினது யார் கைன்னு மேஸ்திரிக்குத் தெரியாதா? ஷூ கம்பெனில என்கூட தைக்கற ரெண்டு பேரும் நானும் போய், அதெல்லாம் வாணாம்னு சொன்னோம். வேலைக்கு ஒண்ணா, ஓட்டை போட்ட மூடியோட ரெண்டு பக்கெட்டு, அத மறைக்க ஒரு துணி. எழுதத் தெரியாதவங்களும் வருவாங்க, சீட்டு எதுக்கு? வீட்டுக்கு வீடு தோல் துண்டு கெடக்குது, ஆளுக்கு ஒண்ணு எடுத்தாந்து போடட்டும்னோம். கவுன்சிலருக்குப் புடிச்சுப்போச்சு. எங்களுக்கும் தல கால் புரியல.

அன்னிக்கு ஸ்கூல் ஹால்ல நான் மொத ஆளா போட்டுட்டு, வரிசையப் பாத்துக்கினு நின்னேன். ஒருத்தி கையில செகப்புத் தோல். அவ பின்னாடி நின்னவர் கையில சொரசொரப்பா நீலம். அப்பதான் திக்குன்னுது. தோலுலயே பொழைக்கற ஊரு இது. துண்டப் பாத்தா எந்தக் கம்பெனி மால், யாரு சரக்குன்னு கொழந்தை கூட சொல்லும். பேரு எழுதிப் போட்ட மாதிரிதான். மூணு பொம்பளைங்க கூடிக் கூடிப் பேசினோமே, ஒருத்திக்காவது இது தோணிச்சா!

எங்க வீட்டுக்காரரத் தடுக்கலாம்னு ஓடினேன். அதுக்குள்ள அவர் துணிக்குப் பின்னாடியிருந்து வெளிய வந்துட்டார். வீட்டுல சைக்கிள் சீட்டுக்குன்னு வெச்சிருந்த தேன் கலர் தோலுலேர்ந்துதான் அவர் வெட்டி எடுத்தாந்தது. அந்தக் கலர் அவர் டேனரில மட்டுந்தான் போடறாங்க. என் மூஞ்சியப் பாக்காமலே பின்னாடி போய் நின்னுட்டார்.

கவுன்சிலர் ரெண்டு பக்கெட்டையும் ஒரு பாயில கொட்டினார். லைட்டுக் குவியல்ல தேன் கலரத் தேடினேன். சாமி, இருக்கணுமேன்னு வேண்டிக்கினே தேடினேன். இல்ல. கால்வாய்க் குவியல்தான் பெருசு. அதுக்கு மேலயே தேன் கலர் துண்டு கெடந்துச்சு.

மேஸ்திரி எழுந்து வந்தார். அத எடுத்தார். மடிச்சுப் பாத்தார், கட்டைவெரலால தேய்ச்சார். "இது எங்க மாலாச்சே"ன்னார். குரல் ஒசரவே இல்ல. நான் போட்டதுன்னு சொல்லிடலாமான்னு பாத்தேன்.

அதுக்குள்ள கூட்டத்த வெலக்கிக்கினு எங்க வீட்டுக்காரர் முன்னாடி வந்தார்.

"நாந்தான் போட்டேன் மேஸ்திரி. தெனமும் டேனரித் தண்ணியத் தெறந்து விடறதும் நாந்தானே. அது எங்க வந்து நிக்குதுன்னு எம்பொண்ணு காலப் பாத்தா தெரியும்."

மேஸ்திரி துண்டச் சட்டைப் பையில போட்டுக்கினு கெளம்பிட்டார்.

கால்வாய் வேலைக்கே பணம்னு முடிவாச்சு. இன்னும் தோண்ட ஆரம்பிக்கல. அவரையும் வேலைய விட்டு யாரும் நிறுத்தல, நிறுத்த மாட்டோம்னும் சொல்லல. அந்தத் துண்டு இப்ப யார் மேஜை மேல கெடக்குதோ. இன்னிக்கு டேனரி கேட்டுல உள்ள விடுவாங்களா, திருப்பி அனுப்பிடுவாங்களான்னு நெனச்சுக்கினேதான் தெனமும் காலையில அவர் டிபன் பாக்ஸ மூடறேன்.

ஒரு நாள் தாங்க மாட்டாம கேட்டுட்டேன், அவ்ளோ சொல்லியும் ஏன்யா லைட்டுக்குப் போடலன்னு. செருப்பப் போட்டுக்கினே, "நீ எதுல போட்ட?"ன்னு திருப்பிக் கேட்டார்.

நான் போட்ட, எங்க ஷூ கம்பெனியோட பளபளப்பான கறுப்புத் துண்டு கால்வாய்க் குவியல்ல கெடந்தத அவரும் பாத்திருக்கார்.