கூரையில் நிற்கும் பூதம்

மதியச் சாப்பாட்டு வேளையில் மருத்துவமனை நடைபாதை காலியானதும் பூதக்கா காலி ஸ்ட்ரெச்சரில் ஏறி மல்லாந்து படுத்துக்கொள்கிறார். "தள்ளுண்ணே. மெதுவா. நேத்து கோழி திருடிட்டு ஓடுறவன் மாதிரி ஓடுன."

"சீக்காளிங்களத் தள்ளியே முதுகு போச்சு. இப்ப நல்லா இருக்கறவங்களையும் தள்ளணுமாம்" என்று முனகியபடியே அட்டெண்டர் தள்ளுகிறார். வார்டு வாசலில் கிளம்பி ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் போக வேண்டும். பாதி வழியில் பூதக்கா கையைத் தூக்குகிறார், வண்டி நிற்கிறது. நேர் மேலே, கூரை முழுக்க, அவர் வரைந்த பூதம்.

மருத்துவமனையில் அவரைப் பூதக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆள் என்னவோ துடைப்பக்குச்சி. வார்டு ஆயா வேலை. படுக்கை விரிப்பார், பெட்பேன் எடுப்பார், தன்னைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ளவர்களைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவார். எக்ஸ்ரே அறையின் சன்னல் அந்த நடைபாதையைப் பார்த்து இருப்பதால், உள்ளே உட்கார்ந்து பெயர் பதிகிற எனக்கு நாள் முழுவதும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்.

அந்தப் பூதத்தின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெள்ளத்தில் பாலம் உடைகிறது. "சனங்க கடக்கிற வரைக்கும் பிடிச்சுக்கோ" என்று ராஜா பூதத்துக்கு உத்தரவு போடுகிறார். பூதம் அடியில் நின்று பாலத்தைத் தாங்குகிறது. ஊரே கடந்து போய்விடுகிறது. போதும், இறக்கிவிடு என்று சொல்லத்தான் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அது இன்னும் தாங்கிக்கொண்டே நிற்கிறது.

கதைப் புத்தகங்களில் அதற்குக் கோரைப்பல்லும் உருட்டுவிழியும் வைத்து வரைவார்கள். பூதக்காவின் பூதத்துக்குப் பல்லே தெரியாது. வழுக்கைத் தலை, கொஞ்சம் தாடி. முட்டி மடங்கியிருக்கிறது. விரல்கள் விரிந்து பாதம் சேற்றில் பதிந்திருக்கிறது. இரண்டு உள்ளங்கையும் பலகைகளின் அடியில். பலகை இடுக்குகளில் வெளிச்சம் கசிகிறது. அந்த முட்டி மடிப்பை முதன்முதலாகப் பார்த்தபோது என் தொடை கடுத்தது. கேட்டேன். "முதுகால தூக்குனா போச்சு தம்பி. முட்டியாலதான் தூக்கணும். பூதத்துக்கு மட்டும் வேற உடம்பா?"

சின்ன வயதிலிருந்தே இதைத் தவிர வேறெதையும் அவர் வரைந்ததில்லை. மருந்து அட்டைப்பெட்டியின் உள்பக்கம், கிழிந்த காலண்டர், குழந்தைகளின் மாவுக்கட்டு, எல்லாவற்றிலும் பூதம். "வீட்டுல மனுஷங்க மூணு பேரு, மிச்சமெல்லாம் பூதம்" என்பார் அவர் கணவர். மகள் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். "ஒரு பூ வரையேன்மா. ஒரு பூனையாச்சும்." அம்மா உட்கார்ந்து ஒரு பூனை வரைந்தாராம். அது எதையோ தூக்கிக்கொண்டு நின்றதாம்.

நடைபாதைக் கூரையில் ஈரக்கறை படிந்து மேல்பூச்சு பூசியபோது, சாரம் கட்டியே கிடந்த விடுமுறை நாட்களில் அங்கே வரையலாமா என்று பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டார். பூ ஏதோ வரையப்போகிறார் என்று நினைத்து அவரும் தலையாட்டிவிட்டார். "உள்ள போறவங்களுக்குக் கூரையத் தவிர பாக்க என்ன இருக்கு? ட்யூப்லைட்டு, பல்லி. தாங்கறதுக்கு ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சா போதும்" என்றார் பூதக்கா என்னிடம்.

அது உண்மைதான். சன்னல் வழியே எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். உதடு துடிக்க வருபவர்கள் அந்த இடத்தில் ஒரு கணம் வாய் பிளக்கிறார்கள். கம்பியைப் பிடித்த கை தளர்கிறது. தினமும் பார்த்தும் எனக்கு அது பழகவே இல்லை.

போன மாதம் சிக்கல் வந்தது. குடலிறக்கத்துக்கு அறுவை முடிந்து வெளியே வந்த பெரியவர் ஒருவர் அரை மயக்கத்தில் அலறினார். "மேல தலைகீழா ஒருத்தன் தொங்குறான்! முறைக்கிறான்!" மகன் புகார் கொடுத்துவிட்டார். மேட்ரன் வந்து இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். "திங்கக்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருது. நீயும் உன் பூதமும்!"

அன்று மதியம் பூதக்கா ஸ்ட்ரெச்சரைத் தியேட்டர் கதவுப் பக்கம் கொண்டுபோய்ப் படுத்தார். கால் முன்னால் போகும்படிதான் எப்போதும் தள்ளுவார்கள். திரும்பும்போது கால் வார்டைப் பார்க்கும், படம் தலைகீழாகிவிடும். இறுகிய வாய் மேலே போய் நெரித்த புருவமாகிறது. இறங்கி வந்து என் சன்னலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன வாட்டி படுத்துப் பாத்தேன் தம்பி. எல்லாம் உள்ள போற பக்கமே. வெளிய வருவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லையே. என்ன மனசு என் மனசு?"

அழுவார் என்று நினைத்தேன். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துத் தரச் சொன்னார்.

அதன்பிறகு ஒவ்வொரு டீ வேளையிலும் அட்டையில் வரைந்த ஒரு முகம் சன்னலுக்குள் நீளும். நேராகக் காட்டுவார், பிறகு சக்கரம் மாதிரி திருப்புவார். "இப்ப?" "அழற மாதிரி இருக்குக்கா." "இப்ப?" "தூங்குதுக்கா." அட்டெண்டர் எட்டிப் பார்த்து, "என் மச்சான் மாதிரியே இருக்கு. கடன் கேக்குற மூஞ்சி" என்பார். பூதக்கா அதையும் கிழித்துப் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டருக்கு விடுமுறை. மேசைமேல் மேசை போட்டு ஏறி, முகத்தை மட்டும் அழித்து வரைந்தார். உடம்பில் கைவைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது எனக்குத் திங்கட்கிழமைதான் புரிந்தது.

அன்று காலை வாளியும் மட்டையுமாக வெள்ளையடிக்கிறவர் வந்து நின்றார். மேட்ரனும் வந்தார்.

"ஒரு தடவ படுத்துப் பாருங்க மேடம்" என்றார் பூதக்கா.

"எனக்கு வேற வேல இல்லையா?"

"போயிட்டு உடனே வந்துடலாம் மேடம்."

சிஸ்டர்கள் சுற்றிக் கூடினார்கள். மேட்ரன் செருப்பைக் கழற்றினார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாகப் படுத்தார். "பெல்ட் போட்டுடவா மேடம்?" என்ற அட்டெண்டரை ஒரு பார்வை பார்த்தார். அட்டெண்டர் விலகிக்கொள்ள, பூதக்காவே தள்ளினார்.

போகும்போது, நெற்றி முழுக்கக் கோடு ஓட, பூதம் பல்லைக் கடித்துப் பாலத்தைத் தாங்கியது. அதன் கண் மட்டும் கீழே போகிறவரையே பார்த்தது.

தியேட்டர் கதவருகே வண்டி திரும்பியது. மேட்ரனின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க நானும் வெளியே வந்து அந்தப் பக்கமிருந்து தலையை நிமிர்த்தினேன். பாலம் இப்போது தரையாகக் கீழே கிடந்தது. அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி, கால்களை ஆகாயத்தில் மடக்கி, பூதம் தலைகீழாக நின்று விளையாடிக்கொண்டிருந்தது. தாடி குடுமியாகிவிட்டது. நெற்றிக்கோடுகள் எல்லாம் வளைந்து ஒரே சிரிப்பாகிவிட்டன. அதே கைதான், அதே முட்டிதான். அதே கண் வெளியே வருகிறவரைப் பார்த்துச் சிரித்தது.

வண்டி வார்டு வாசலில் நின்றது. மேட்ரன் எழுந்திருக்கவில்லை. வாயைப் பொத்திய கை அப்படியே இருந்தது. ஒரு சிஸ்டர் தாங்கிப் பிடிக்க வந்து, பாதியில் நின்றுவிட்டார்.

வெள்ளையடிக்கிறவர் மட்டையை வாளியில் முக்கினார். "எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும் மேடம்?"

மேட்ரன் அவரைப் பார்க்கவில்லை. "இன்னொரு தடவ தள்ளு" என்றார் பூதக்காவிடம்.

"போற பக்கமா மேடம், வர்ற பக்கமா?"

"வர்ற பக்கம்."

பூதக்கா மடித்து வைத்திருந்த போர்வையை உதறி, மேட்ரனின் வெறும் பாதங்களை மூடி, ஓரத்தைச் செருகிவிட்டு, காலால் பிரேக்கை எடுத்தார்.