எங்கள் வீட்டில் மிளகாய்க்குத் தடை

போன வாரம் எங்கள் வீட்டில் மிளகாய்க்குத் தடை விழுந்தது.

வயிற்றுப் புண் இல்லை, டாக்டரும் சொல்லவில்லை. கொண்டாட்ட முளகு... மோரில் ஊறவைத்துக் காயப்போட்டுப் பொரிப்போமே, அந்த மிளகாய்தான். அதற்கு உப்பு எவ்வளவு என்று ஃபோனில் தேடினேன். மலையாளத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தேடுவதுதானே திருவனந்தபுரத்தில் எல்லோருக்கும் பழக்கம்? திரை வெள்ளையாகி ஒரே ஒரு வரி வந்தது. ‘இந்தப் பக்கம் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதல்ல.’

மோர்மிளகாய் எந்தக் குடும்பத்துக்கய்யா ஏற்றதல்ல?

அதற்குள் உள்ளறையிலிருந்து மைதிலியின் கத்தல். ப்ளஸ் ஒன் படிக்கிற என் பெண். “அம்மா, ஃபிசிக்ஸ் ஃபார்முலா ஒண்ணுமே திறக்க மாட்டேங்கறது!”

குற்றவாளி என் வீட்டுக்காரர். ஆபீஸில் யாரோ சொன்னார்கள் என்று வீட்டு வைஃபைக்கு ஒரு ஃபில்டர் போட்டிருந்தார். அதில் தப்பில்லை. நெட்டில் கண்டதும் கிடக்கிறது, நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த ஃபில்டருக்கு இங்கிலீஷ் கெட்ட வார்த்தைகள் மட்டும்தான் தெரியுமாம். “நம்ம ஊர் பாஷை அதுக்கு ஏது தெரியறது?” என்று இவரே உட்கார்ந்து, தமிழிலும் மலையாளத்திலும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துச் சேர்த்திருக்கிறார். வலியசாலைத் தெருவில் சாதுவாக வளர்ந்த மனுஷருக்கு இவ்வளவு வார்த்தைகள் தெரியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி!

அதில் ஒன்று — எம், யு, எல், ஏ. முல. முலைக்கு மலையாளம். இந்த நான்கு எழுத்தும் சேர்ந்து எங்கே வந்தாலும் கதவு சாத்திக்கொள்ளும். முளகிலும் வருகிறது, ஃபார்முலாவிலும் வருகிறது. போயிற்றா சமையல், போயிற்றா ஃபிசிக்ஸ்?

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அதை முதல்ல எடுத்துடுங்கோ” என்றேன். “செரி, பாக்கறேன்” என்றார். பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் மைதிலி ஃப்ரிட்ஜையே முறைத்துக்கொண்டு நிற்கிறாள். இவர் கையில் ஃபோன், முகம் சிவந்திருக்கிறது.

“புதன்கிழமைலேர்ந்து வந்துண்டே இருக்கு எனக்கு! பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். வெக்கம் மானம் வேண்டாம்? நீயே பாரு, உன் பொண்ணு என்ன தேடறான்னு!”

இந்த ஃபில்டர் தடுப்பதோடு நிற்காது. போட்டுக்கொடுக்கவும் செய்யும். யார் எதைத் தேடினார்கள் என்று உடனே அப்பாவின் ஃபோனுக்கு மெசேஜ் போய்விடும். வாங்கிப் பார்த்தேன்.

‘முலயில் முழ வந்நால் எந்து செய்யணம்?’

மலையாளத்தில் முழ என்றால் கட்டி. மார்பில் கட்டி வந்தால் என்ன செய்ய வேண்டும்... இதுதான், வாசகர்களே, என் பெண் தேடிய ஆபாசம்!

ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. “நான்... முதல் வார்த்தையைப் பாத்த உடனே...” என்று இழுத்தார்.

எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் இந்தப் பத்திக்கே ஃபில்டர் போட வேண்டிவரும். மெஷின் நான்கு எழுத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. சரி, அதற்கு அவ்வளவுதான் தெரியும். ஆபீஸ் ஃபைலில் கமா விட்டுப்போனால்கூடக் கண்டுபிடிக்கிற மனுஷருக்குப் பெற்ற பெண் கேட்ட ஒரு வரியைக் கடைசிவரை படிக்க முடியவில்லையா? புதன்கிழமையிலிருந்து?

மைதிலியை உள்ளே அழைத்துப் போனேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. “கேன்சரா இருந்தா நான் செத்துப் போயிடுவேனாம்மா?” என்றாள். குழந்தை வார்த்தையை மாற்றி மாற்றித் தேடியிருக்கிறது. இங்கிலீஷ் வார்த்தையை ஃபில்டரே தடுத்துவிட்டது; மலையாளத்தில் எப்படி மாற்றினாலும் அந்த நான்கு எழுத்து இல்லாமல் கேட்க வழியில்லை. ‘உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதல்ல.’ இது யாருடைய குடும்பம் ஐயா? அந்தக் குடும்பத்தில் பெண்களுக்கு உடம்பே கிடையாதா?

“ஏண்டி மலையாளத்துல தேடினே?” என்று கேட்டேன்.

“தமிழ்ல அதுக்கு என்ன சொல்லணும்னே தெரியாதும்மா.”

எப்படித் தெரியும்? ஸ்கூலில் மலையாளம், இங்கிலீஷ். தமிழ் என்பது அவளுக்கு வீட்டில் பேசுவது மட்டும்தான். வீட்டில் அதைச் சொன்னவர் யார்? அங்கே வலித்தால்கூட ‘நெஞ்சு வலி’ என்போம். வைஃபை வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே நாம் போட்டுவைத்த ஃபில்டர் இது. அதற்குப் பாஸ்வேர்டுகூடக் கிடையாது!

அன்றைக்கே பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினேன். ஆபாசப் படத் தளங்களுக்குத் தடை — அது இருக்கட்டும். சூதாட்டம் — இருக்கட்டும். இவர் கைப்பட அடித்த வார்த்தைகள் அத்தனையும் போயின. போட்டுக்கொடுக்கும் வேலையையும் நிறுத்தினேன். மைதிலியைப் பக்கத்தில் உட்கார வைத்து, எதைத் தடுத்திருக்கிறோம், ஏன் தடுத்திருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லித்தான் செய்தேன். ‘குடும்பம்’ என்று போட்ட பட்டனை ஒரு தரம் அமுக்கிவிட்டுக் காலாட்டிக்கொண்டிருக்க, இது ஃபேனா என்ன?

திங்கட்கிழமை மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் “எந்தா அசுகம்?” என்று கேட்டாள். இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நெஞ்சில்... சின்ன ஒரு வேதன” என்றார்.

“எங்கில் ஹார்ட்டின்டெ டாக்டரெக் காணணம்” என்று அவள் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். கட்டியைக் காட்ட வந்த பெண்ணுக்கு இருதய டாக்டர்! நான் வாயைத் திறப்பதற்குள் மைதிலி முன்னால் வந்தாள்.

“நெஞ்சிலல்ல சேச்சி. முலயில் ஒரு முழ உண்டு.”

கவுண்டர்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சர்ஜரி ஓ.பி., ரண்டாம் நில” என்று மாடியைக் காட்டிச் சீட்டை நீட்டினாள். பின்னால் நின்றவர்கள் அவரவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையைப் பார்த்தவர் ஒருவர்தான்.

ஸ்கேன் எடுத்தார்கள். இந்த வயதில் நிறையப் பெண்களுக்கு வருகிற சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை, சில மாதம் கழித்து மறுபடி காட்டினால் போதும் என்றார் லேடி டாக்டர். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பும்போது ஆட்டோ கிழக்கேகோட்டை சிக்னலில் நின்றபோது இவர் மெதுவாக ஆரம்பித்தார். “கொழந்தே, இவ்ளோ பயந்துண்டு இருந்திருக்கியே... அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?”

மைதிலி வெளியே பஸ்களைப் பார்த்தபடியே சொன்னாள்.

“புதன்கிழமையே உங்க ஃபோனுக்கு வந்துதே, அப்பா.”