உளுந்து அரைக்காத கிரைண்டர்

போன கிழமை மோர்டனில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். குசினியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணை, மூடியை ஒருக்காத் திறந்து மா பதமோ எண்டு பாருங்கோ," என்றார் அவன் மனைவி. ஏலாது என்றேன். சோம்பேறி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

காரணம் பல வருடங்களுக்கு முந்தையது. அன்றைக்கு லண்டனில், நான் இருந்த கோலியர்ஸ் வுட் வீட்டில் இரண்டே பேர்: மேலே குளித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன், கீழே வாடகைக்கு இருந்த நான். அண்ணன் மலேசியத் தமிழர், இங்கே படிக்க வந்து எஞ்சினியராகத் தங்கிவிட்டவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் அகதி வழக்கின் அப்பீல் அடுத்த கிழமை. யாருடைய காரில் பார்க்கிங் டிக்கெட்டைக் கண்டாலும், கார் இல்லாத எனக்கு வியர்க்கும்.

குசினி மூலையில் வட்டமாக ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. கிரைண்டர் வாங்கிவிட்டார், இனித் தோசைதான் என்று மூடியைத் திறந்தேன். உளுந்து இல்லை. மரத்தூள் போன்ற ஒன்றுக்குள் பித்தளைத் துவக்குக் கோதுகள், சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக்கள், புரண்டுகொண்டிருந்தன.

ஊரில் சண்டைக் காலத்தில் வெற்றுக் கோது பொறுக்கி விளையாடுவோம். அம்மா எங்கள் காற்சட்டைப் பைகளைத் தையல் மடிப்புவரை உதறிப் பார்ப்பார். ஆமியின் சோதனைச் சாவடியில் ஒன்று அகப்பட்டாலும் ஆள் வீடு திரும்பமாட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. திறந்தால் இரண்டு பொலிஸ். விலங்கு மாட்டட்டும் என்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினேன். கையில் இன்னும் மூடி இருந்தது.

அண்ணன் துவாயோடு படியில் நின்று வீடு அதிரச் சிரித்தார். "தம்பி, என் துப்பாக்கி லைசென்ஸ புதுப்பிக்க வந்திருக்காங்க. டீ போடு."

அவர்கள் துவக்குப் பெட்டகத்தைப் பார்த்தார்கள், பிஸ்கட் தின்றார்கள், போனார்கள். அது பழைய கோதுகளை மினுக்கும் இயந்திரமாம். பிறகு வெடிமருந்தும் குண்டும் வைத்து அவரே தோட்டா செய்வாராம். முன்பு பிஸ்டல் வைத்திருந்தார். இந்த நாட்டில் அதற்குத் தடை வந்ததும் ஒப்படைத்துவிட்டார். இப்போது இருப்பது நீளத் துவக்கு.

"பிஸ்டல்தான் ரொம்பச் செல்லம். மருந்து கொறைஞ்சா அடுத்த தோட்டா தானா ஏறாது. கூடிப்போனா கை போயிடும். அதுக்குப் பிடிச்சத நாமதான் பார்த்து ஊட்டணும்," என்றார், பிள்ளைக்குச் சோறூட்டியவரைப்போல.

எனக்கு ஒன்றும் ஏறவில்லை. கோதுகளைப் பார்த்துவிட்டுப் பிஸ்கட் தின்னும் பொலிஸிலேயே மனம் நின்றுவிட்டது.

அப்பீலில் வென்றேன். சில வருடங்களில் அண்ணன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு தன் ஊரான ஈப்போவுக்குத் திரும்ப ஆயத்தமானார். பெட்டி அடுக்கும்போது என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என் சட்டை, ஜாக்கெட் பையெல்லாம் நல்லாப் பாரு. எங்க மலேசியா ஏர்போர்ட்ல ஒரு காலித் தோட்டா மாட்டினாக்கூட நான் அவ்வளவுதான்." அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அம்மாவைப்போலவே உதறினேன். ஒரு ஜாக்கெட்டின் உள்பையில், கிழிந்த துணிக்குள் ஒரு கோது கிடந்தது.

அண்ணன் கட்டிலில் அப்படியே இருந்துவிட்டார். அதை வாங்கக் கை நீட்டவில்லை.

அந்த வீட்டை இடித்து இப்போது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அண்ணன் ஈப்போவிலிருந்து போன் எடுப்பார், பேசுவார். படியில் நின்று சிரித்த அந்தச் சிரிப்பு மட்டும் பிறகு வரவே இல்லை.