பட்டியலில் இல்லாத தமிழ்

கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் ஆற்றின் வாசனை வந்தது. சேறும் மக்கிய இலையும் துருவும் கலந்த வாசனை. மலேசியாவின் சிகாமட்டில் இது யாருக்கும் புதிதில்லை. ஆறு இங்கே கூப்பிடாமல் வீட்டுக்குள் வரும், வந்த வேலை முடிந்ததும் சுவரில் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு போட்டுவிட்டுப் போகும். அருளப்பன் அங்கிள் வீட்டு வரவேற்பறையில் அப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள். கணினியை அலமாரி உச்சியில் ஏற்றி வைத்ததால் அது நனையவில்லை. வாசனையை மட்டும் குடித்து வைத்திருந்தது. நான் பரமக்குடிக்காரன். என் ஆற்றுக்கு வாசனை கிடையாது. பாலத்தில் நின்று பார்த்தால் வைகை என்பது மணல், மணலில் முள், முள்ளுக்கு நடுவே கிரிக்கெட் ஆடும் பையன்கள். அந்த வறண்ட மூக்கோடு இந்த ஊர்ச் சேற்றை முகர்ந்துகொண்டு, கையில் திருப்புளியோடு, ஒரு கணம் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

அங்கிள் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் சிற்றாலயத்தின் தமிழ்ப் பாடகர் குழு அவர் குரலில்தான் நிற்கிறது. அவர் பாடுவார், பாடல்களைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, துளையிட்டு நூல் கட்டிக் கொடுத்தது அவர் மனைவி மரியா ஆண்ட்டி. ஆண்ட்டி இறந்து ஓராண்டு நிறைகிறது. வரும் ஞாயிறு நினைவுத் திருப்பலி. அன்று எல்லார் கையிலும் ஆண்ட்டி தட்டச்சு செய்த பாடல்கள் புத்தகமாக இருக்க வேண்டும் என்பது அங்கிளின் ஒரே பிடிவாதம். ஆனால் பாடல்கள் இருந்த கணினி பாதி வழி ஏறி, நீலத் திரையில் நின்றுவிடுகிறது.

“அப்பா, அந்தப் பீசியத் தூக்கிப் போடுங்கப்பா. நான் புதுசு வாங்கித் தர்றேன் லா,” என்று சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் ஜோசி தொலைபேசியில் சொன்னது எனக்கும் கேட்டது.

“ஒங்கம்மாவத் தூக்கிப் போட்டாச்சு. இது இருந்துட்டுப் போகட்டும்,” என்று அங்கிள் போனை வைத்தார்.

நான் பென்டிரைவை எடுத்தேன். லினக்ஸ் என்று ஒரு இயங்குதளம், பழைய பெட்டியிலும் ஓடும், விலை கிடையாது என்றேன்.

“சும்மாவா குடுக்குறானுங்க?”

“ஆமா அங்கிள். பல நாட்டுல இருக்கறவங்க சேந்து எழுதறாங்க.”

“அவங்களுக்கு வேற வேல இல்லையா?” என்று கேட்டுவிட்டு, பாலில்லாத கோப்பி ஓ கலக்க உள்ளே போனார்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து தொடங்கினால் முதலில் இரண்டு வழி காட்டும். ஒன்று, நிறுவு. மற்றது, நிறுவாமல் முயன்று பார். இரண்டாவதைத் தொட்டால் திரையில் மேசை வரும், படம் வரும், எல்லாம் வேலை செய்யும்; ஆனால் பெட்டிக்குள் எதுவும் பதியாது. மின்சாரத்தை நிறுத்தினால் நீங்கள் அங்கே இருந்ததற்குத் தடமே இருக்காது. மலேசியப் பெண்ணைக் கட்டி, இந்த ஊரில் பிள்ளை பெற்று, தலை நரைத்து, இன்னமும் நான் அந்த இரண்டாவது வழியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். என் கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் அனுமதிக்குப் பெயர் சமூக வருகை. மனைவியோடு படுத்தெழுவதற்குச் சமூக வருகை. அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அவள் வேலைக்கு விடுப்புப் போட்டு என்னோடு கவுண்டருக்கு வர வேண்டும், இவர் இன்னும் என் கணவர்தான் என்று காட்ட. கல்லூரியில் பாடம் நடத்தியவன் இங்கே வீடு வீடாகப் போய்க் கணினி துடைக்கிறேன். அதைப் பற்றி இனி எழுதப் போவதில்லை. எழுதி எழுதி அதுவும் எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

முயன்று பார்க்கும் வழியில் நுழைந்து, பழைய வன்வட்டிலிருந்த ஆண்ட்டியின் கோப்புறையைப் பத்திரமாக வெளியே நகலெடுத்தேன். வைஃபை பிடிக்கவில்லை, என் கைப்பேசியைக் கம்பியால் இணைத்து இணையம் கொடுத்தேன். பிறகு வட்டை முழுதாக அழித்து நிறுவத் தொடங்கினேன். மொழி கேட்டது. தமிழ் என்று தேர்ந்தேன். அடுத்து எந்த நாட்டுத் தமிழ் என்று கேட்டது. தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை. அவ்வளவுதான்.

கோப்பியோடு வந்த அங்கிள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “மலேசியா எங்க?”

“இல்ல அங்கிள்.”

“இல்லன்னா? நாங்க பேசறது என்ன மேண்டரினா? கீழ தள்ளிப் பாருங்க தம்பி.”

தள்ளிப் பார்த்தேன். கீழே வேறு மொழிகள் வந்தன. “இப்போதைக்கு இந்தியா போட்டுடறேன்,” என்றேன். எனக்கு உள்ளே ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்ததை மறைப்பானேன். இந்த மண்ணில் ஏதோ ஒரு பட்டியலிலாவது என் நாடு இருந்தது, அவருடையது இல்லை.

அந்தச் சந்தோஷம் ஆண்ட்டியின் முதல் கோப்பைத் திறக்கும் வரைதான். திரை முழுக்கக் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகள், பவுண்டு குறிகள், பாதி உடைந்த பின்னங்கள். ஒரு தமிழ் எழுத்து இல்லை.

ஆண்ட்டி பயன்படுத்தியது யூனிகோடுக்கு முந்தைய ஏதோ ஒரு எழுத்துரு. எப்போதோ கோலாலம்பூரில் வாங்கிய குறுந்தட்டில் வந்ததாம்; தட்டை ஒரு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பாடல்களை எடுத்தவன், அவற்றைத் தமிழாகக் காட்டும் அந்த எழுத்துருவை எடுக்காமல் வட்டை அழித்திருக்கிறேன். இது தெரியாதவன் செய்தால் மன்னிக்கலாம். பரமக்குடியில் டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அடித்து வளர்ந்தவன் நான். அங்கே கடைக்குக் கடை வேறு எழுத்துரு. எதிர்க்கடையில் அடித்த கோப்பைக் கொண்டுவந்தால் எங்கள் திரையில் இதே குப்பைதான் தெரியும். முதலாளி வாடிக்கையாளரிடம், “அவன் பாஷை நமக்கு ஆகாது, மொதல்லேருந்து அடிச்சுக்கலாம்” என்பார். ஒரே தெருவில் இரண்டு தமிழ்.

“எல்லாம் ரோசாக் ஆயிடுச்சா?” அங்கிள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்டுப்போனதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“இல்ல. எழுத்து உள்ள இருக்கு. எது எந்த எழுத்துன்னுதான் தெரியல.”

இணையத்தில் பழைய எழுத்துருக்களை மாற்றித் தரும் நிரல்கள் உண்டு. நல்ல மனிதர்கள் சும்மா எழுதிப் போட்டவை. ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். எதற்கும் இந்தக் குறுந்தட்டுத் தமிழ் மசியவில்லை.

அங்கிள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மேல இருக்கறது எந்தப் பாட்டு?”

“கோப்புக்கு ஆராதனைன்னு இங்கிலீஷ்ல பேர் வச்சிருக்காங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார். நான் பாட்டின் முதல் எழுத்துக்கு நேரே திரையின் முதல் குறியைப் பொருத்தினேன். பவுண்டு குறி ‘வ’ ஆனது. உடைந்த பின்னம் ‘ண’ ஆனது. அவர் ஒரு வரி பாடி நிற்பார், நான் பொருத்துவேன், “ம்” என்பேன், அடுத்த வரி வரும். சில குறிகளுக்காக அவர் வேறு பாட்டுக்குத் தாவ வேண்டியிருந்தது. “‘ங’வுக்கு ஒரு பாட்டு இருக்கு, இருங்க,” என்று கண்ணை மூடுவார். மனைவி இறந்தபின் அவர் வீட்டுக்குள் பாடியதில்லை என்பதை ஜோசி பிறகு சொன்னாள். எனக்கு அப்போது தெரியாது. சுருதி கொஞ்சம் இறங்குகிறதே என்று மட்டும் நினைத்தேன்.

மறுநாள் மாலைக்குள் எழுத்து அட்டவணை முழுமையானது. ஒரு சிறு நிரல் எழுதி அத்தனை கோப்புகளையும் மாற்றினேன். ஆண்ட்டி திரையில் தமிழாக எழுந்து வந்தார். அச்சுக்கு முன் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு பாட்டில், ‘பால்மரம் யாவும் உமதே ஆண்டவரே’ என்று இருந்தது. என் பள்ளியில் அதே மெட்டில் ‘விளைநிலம் யாவும் உமதே’ என்றுதான் பாடுவோம். அட்டவணையில் பிழை என்று முடிவுகட்டி, திருத்தினேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அங்கிள் திரையைப் பார்த்துப் பாடிச் சரிபார்த்து வந்தவர், அந்த இடத்தில் நின்றார்.

“இது என்னா? விளைநிலமா?”

“மூலத்துல அப்படித்தான் அங்கிள்.”

“மூலம் யார்கிட்ட இருக்கு? மரியா தோட்டத்துல பொறந்தவ தம்பி. நெல்லு வெளைஞ்சு அவ பாத்ததே இல்ல. எங்க ஆளுங்க காலைல ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு வந்து பாடுற பாட்டுல என்னாத்துக்கு விளைநிலம்னு, ஃபாதர்கிட்ட சண்ட போட்டு மாத்துனா.” குரல் உயரவில்லை. “கேக்குறேன், திருத்துனது நீங்களா, கம்ப்யூட்டரா?”

“நான்தான்.”

“ஊர்லேருந்து வர்றவங்க எல்லாரும் எங்களத் திருத்துறீங்க. பேச்சத் திருத்துறீங்க, சாப்பாட்டத் திருத்துறீங்க. செத்தவளயுமா?”

நான் பால்மரத்தைத் திரும்ப நட்டேன். எழுத்தெழுத்தாக, அவர் கண்ணெதிரில். இந்த நாடு என்னை எண்ணவில்லை என்று கசந்துகொண்டே, பட்டியலில் உள்ளவனின் தோரணையோடு இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஆண்ட்டி இந்த மரங்களின் கீழே வளர்ந்தவர். நான் வந்தவன். வந்த இடத்திலும் கையில் சிவப்பு மை.

அச்சு இயந்திரம் ஒருவழியாகப் பக்கங்களைத் துப்பியது. அங்கிள் ஒவ்வொன்றையும் சூடு ஆறும் முன் எடுத்து, பால்மரம் வந்த பக்கத்தை மட்டும் தனியே மேசையில் வைத்தார். பிறகு வாசல் வரை வந்தார். ரயில் ஒன்று ஊரைக் கடந்து தெற்கே போனது. இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு, “அந்த இந்தியாவ எடுக்கவே முடியாதா தம்பி?” என்றார்.

“வேணும்னா இலங்கை போடலாம் அங்கிள்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இருக்கட்டும். எங்கப்பா இந்தியா போகணும்னு கெடந்து தவிச்சாரு. பீசியாச்சும் போய்ச் சேரட்டும்.” பிறகு கேட்டார்: “உங்க விசா பாஸ் எப்ப முடியுது?”

“பொங்கலுக்கு அப்புறம்.”

“அதுக்குள்ள ஒரு தடவ வந்து பாருங்க. நீங்க போயிட்டா இதுல யாரு கை வைப்பா?”

“நான் எங்கயும் போகல அங்கிள்.”

அவர் கதவைச் சாத்தினார். கம்பிகளுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: “எங்கப்பா போறேன் போறேன்னு சொல்லி இங்கயே கெடந்து செத்தாரு. நீங்க போகலங்கறீங்க. பாப்போம் தம்பி.”